கொட்டைக்குள் ஒரு குடித்தனம்

அறுத்துப் பார்க்கும்வரை ஆள் தெரியாத ஒரு வண்டு, இந்திய மாம்பழத்தின் அமெரிக்கப் பயணத்தையே கட்டுப்படுத்துகிறது.

பழம் பளபளப்பாக இருக்கிறது. தோலில் ஓட்டை இல்லை, அழுகல் இல்லை. தின்று முடித்துக் கொட்டையைப் பிளந்தால், கறுத்துப்போன பருப்புக்கு நடுவே ஒரு வண்டு ஊர்கிறது. எப்படி நுழைந்தது? தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்படும் கேள்வி. பதில் எளிது: வண்டு நுழையவே இல்லை, அங்கேயே வளர்ந்தது.

1775-ல் டென்மார்க் விஞ்ஞானி ஃபப்ரீசியஸ் பெயர் சூட்டிய கூன்வண்டு இது. பிஞ்சு கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே தோலைக் கீறி முட்டையிடும். வடியும் பால் உறைந்து முட்டையை மூடிவிடும். பொரிந்த புழு சதையைக் குடைந்துகொண்டு, ஓடு இறுகாத கொட்டைக்குள் போய்விடும். காய் பெருக்கப் பெருக்க அது போன வழி தூர்ந்துவிடுகிறது.

யார் குற்றவாளி என்று தெரிய, உதிர்ந்த காய்களின் கொட்டையை அறுத்துப் பார்ப்பதுதான் வழி. உள்ளே காலில்லாத, பழுப்புத் தலை கொண்ட வெள்ளைப் புழு இருந்தால் கூன்வண்டின் வாரிசு. சதையில் தலை தெரியாத புழுக்கள் கும்பலாக நெளிந்தால் அது பழ ஈ. வளர்ந்த வண்டு சுமார் 8 மி.மீ. நீளம், மரப்பட்டை நிறம், முன்னால் வளைந்த மூக்கு. வடகிழக்கில் சதையைத் தின்னும் இதன் உறவினர் ஒன்றும் உண்டு. மருந்தும் நேரமும் மாறுவதால் ஆளடையாளம் முக்கியம்.

தின்பவருக்கு நஷ்டம் குறைவு. சதை பெரும்பாலும் தப்பிவிடும். கொட்டையை நம்பி ஒட்டுக்கன்று வளர்க்கும் நாற்றங்காலுக்குத்தான் முதல் அடி. இரண்டாவது அடி ஏற்றுமதிக்கு. பழ ஈக்கு வெந்நீர்க் குளியல் போதும். ஓட்டுக்குள் இருப்பவரை அது எட்டாது. பூச்சி பயத்தில் மூடப்பட்டிருந்த அமெரிக்கக் கதவு 2007-ல்தான் திறந்தது. நிபந்தனை, குறைந்தது 400 கிரே கதிர்வீச்சு. நாசிக் அருகே லாசல்காவில் உள்ள கோபால்ட் நிலையத்தில் அந்தச் சிகிச்சை நடந்தது. கதிர் வண்டை உடனே கொல்வதில்லை. அதன் வம்சத்தை நிறுத்திவிடுகிறது.

பிறகும் நிம்மதி இல்லை. 2025 மே மாதம் மும்பைப் பகுதியில் கதிரூட்டப்பட்டுச் சென்ற 15 சரக்குகளை அமெரிக்க விமான நிலையங்களில் நிறுத்தினார்கள். சிக்கல் ஆவணங்களில். திருப்பியனுப்பும் செலவு தாங்காமல், பழங்களை அங்கேயே அழிக்க வேண்டியதாயிற்று.

தோப்புக்காரர் கையிலும் ஒரு ஆயுதம் இருக்கிறது. பழத்தைவிட்டு வெளியேறும் வண்டு, அடுத்த பூப்பருவம் வரை பட்டை இடுக்கில் பதுங்கிக் கிடக்கும். ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான். உதிர்ந்த காயையும் எறிந்த கொட்டையையும் பொறுக்கி அழித்தால் அந்தச் சங்கிலி அறுபடும். காசு செலவில்லை, முதுகு வளைய வேண்டும். ஒரு தோப்பு மட்டும் செய்தால் பயன் குறைவு. பக்கத்துத் தோப்பும் சேர்ந்து குனிய வேண்டும்.