பட்டறைத் திரைக்கு மினி கம்ப்யூட்டர் வாங்கும் முன்

கோவை கணபதியில் எனக்குப் பழக்கமான ஒரு பம்ப் ரிப்பேர்ப் பட்டறை இருக்கிறது. உரிமையாளரே காயில் கட்டுவார், உதவிக்கு ஒரு பையன். சரிசெய்த பம்பை ஓட்டிப் பார்க்கும் மேடையில் அழுத்தம், நீரளவு, ஆம்பியர் மூன்றும் பெரிய எழுத்தில் தெரியவேண்டும் என்று பழைய டிவி ஒன்றை மாட்டினார். அதை இயக்க இணையத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு மினி கம்ப்யூட்டர் வாங்கினார். கரண்ட் போய் வந்தால் அது தானாக ஆன் ஆகாது. ஒவ்வொரு முறையும் ஸ்டூலில் ஏறி, சுவருக்கும் டிவிக்கும் நடுவே கையை விட்டு, பட்டனைத் தடவி அழுத்துவார். மூன்றாம் மாதம் அடியோடு நின்றுபோனது. திறந்தால், காற்றாடி இறக்கைகளில் இரும்புத் தூளும் வார்னிஷ் பிசுக்கும் களிம்பு போல அப்பியிருந்தன.

விற்றவரைப் போனில் பிடித்தார். "தொழிலுக்குத்தானே வாங்குனீங்க, அதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது" என்று பதில் வந்தது. "ஏனுங்க, நெசமாவே அப்படித்தானுங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

அது பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் சிறு பட்டறைக்காரர்கள் பலரை வாயடைத்து அனுப்புகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அதே பிரிவிலேயே ஒரு விளக்கமும் உண்டு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் வராது. இதற்கு வழிகாட்டும் தீர்ப்புக்கே கோவைத் தொடர்பு இருக்கிறது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற மகாராஷ்டிர நிறுவனம், கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்திடம் வாங்கிய சி.என்.சி. இயந்திரம் பற்றித் தொடுத்த வழக்கு அது. 1995-இல் உச்ச நீதிமன்றம், அவ்வளவு பெரிய இயந்திரம் வாங்கிய அந்த நிறுவனம் நுகர்வோர் அல்ல என்றது. அதே தீர்ப்பில், ஆட்டோவோ லேத்தோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்றும் தெளிவுபடுத்தியது. வணிக நோக்கம் என்று வாதிடுபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2024-இல் ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. ஆகவே நம் பட்டறைக்காரர் வாய்மூடத் தேவையில்லை.

இருபது முப்பது பேரை வைத்து நடத்தும் கம்பெனிக்கு இந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. அவர்களுக்கு 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் இருக்கிறது. எதற்காக வாங்குகிறேன் என்று விற்பவரிடம் சொல்லி, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. "பட்டறைத் தூசியில், தகரக் கூரைச் சூட்டில், நாள் முழுக்க ஓடவேண்டும்" என்ற ஒரு வரியை ஆர்டரிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதிவிடுங்கள். பிராண்டையும் மாடலையும் நீங்களே குறித்துக்கொடுத்து வாங்கினால் இந்தப் பாதுகாப்பு சுருங்கிவிடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

சரி, எதை வாங்குவது? நாலைந்து எண்களையும் ஒரு வரைபடத்தையும் காட்டப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. 2023-இல் வந்த இன்டெல் என்100 வகைச் சில்லு தாராளமாகப் போதும். 6 வாட் சில்லு என்பதால் காற்றாடியே இல்லாத பெட்டிகளும் அதில் கிடைக்கின்றன. பட்டறைக்கு என் தேர்வு அதுதான். காற்றாடி இருந்தால் அது தூசியை உள்ளே இழுக்கும். இரும்புத் தூள் மின்சாரத்தைக் கடத்தும். ராஸ்பெர்ரி பை-யும் நல்ல பலகைதான், ஆனால் மெமரி கார்டில் ஓடும்போது திடீரென்று கரண்ட் போனால் கார்டில் உள்ள ஃபைல்கள் கெட்டுப்போக வாய்ப்புண்டு. அதற்கு எஸ்.எஸ்.டி.யோ சிறிய யு.பி.எஸ்.ஸோ சேர்த்தால் விலை ஏறிவிடும். அலுவலகங்களில் கழித்துவிட்ட சிறிய கணினிகளைச் சரிபார்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்தில் வாரண்டி தந்தால் அதுவும் நல்ல பேரமே.

வாங்குவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் வசதி பயாஸ் அமைப்பில் இருக்கிறதா? பல பெட்டிகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. நம் பட்டறைக்காரர் ஸ்டூலில் ஏறியதெல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான். மீட்டர்கள் ஆர்.எஸ்.485 வயரில் பேசுபவையானால் அதற்கான போர்ட்டோ யு.எஸ்.பி. மாற்றியோ வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

திரை காட்டுவதற்கு மட்டும்தான் என்பதையும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். எமர்ஜென்சி ஸ்டாப், பிரஷர் கட்-ஆஃப் போன்றவை இந்தப் பெட்டி வழியாகப் போகக்கூடாது. அவற்றுக்குத் தனி வயர், தனி சுவிட்ச் இருக்கவேண்டும். கம்ப்யூட்டர் உறைந்து நிற்கும் நேரத்தில்தான் பையன் கை பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்.

விலை குறைந்த பெட்டிகளில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளும் உண்டு. 2024 பிப்ரவரியில் ஏஸ்மேஜிக் என்ற பிராண்டின் சில மினி கம்ப்யூட்டர்களில், கடவுச்சொல் திருடும் வைரஸ் வாங்கும்போதே இருந்தது தெரியவந்தது. நிறுவனமும் ஒப்புக்கொண்டது. வைரஸ் இருந்தது விண்டோஸை மீட்டெடுக்கும் பகுதியிலேயே. அதனால் 'ரீசெட்' கொடுத்தாலும் திரும்ப வந்துவிடும். புதுப் பெட்டி எதுவானாலும் டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றுங்கள். அந்தப் பெட்டியில் ஜி.எஸ்.டி. கணக்கும் வங்கிக் கணக்கும் திறக்காதீர்கள்.

அடுத்தது விண்டோஸ் உரிமம். கமாண்ட் விண்டோவில் எஸ்.எல்.எம்.ஜி.ஆர். என்ற ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடம் விட்டு, சாய்கோடும் டி.எல்.ஐ.யும் தட்டினால் உரிமத்தின் வகை தெரியும். 'வால்யூம்' என்று வந்தால் அது பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தரப்படும் உரிமம், உங்களுக்கு விற்கக்கூடியதல்ல. திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தொழிலுக்கு அல்லாமல் பயன்படுத்துபவருக்குச் சிறை தராமல் விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. பட்டறைக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. இவ்வளவு தொல்லை எதற்கு? மீட்டரைக் காட்ட உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் போதும்.

பெட்டியிலும் அடாப்டரிலும் பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யாருக்குத் தரப்பட்டது என்று காட்டும். எண் இல்லாத அடாப்டரை நான் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கமாட்டேன்.

கெட்டுப்போனால் என்ன செய்யலாம்? பார்சல் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். மின்வணிக விதிகள் 2020-இன்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாருக்கு ஒப்புகை தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் சொல்லவேண்டும். பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஒன்றும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் பேசித் தீர்க்க முயல்வார்கள், உத்தரவு போட அதிகாரமில்லை. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் பரவாயில்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம்.

இதற்கெல்லாம் பில் வேண்டும். கடைகளில் தரும் வழுவழுப்புத் தாள் பில், பட்டறைச் சூட்டில் சில மாதங்களில் எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடும். இணையத்தில் வாங்கியது என்றால் விற்றவர் தளத்தை விட்டே போய்விடலாம். வாங்கிய அன்றே பில்லைப் போட்டோ எடுத்து, உங்களுக்கே ஒரு மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்.