காற்று வீசியும் கட்டணம் குறையாதது ஏன்?

மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்று, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழல வைக்கிறது. கோதையாற்றில் மின்வாரியத்தின் இரு நீர்மின் நிலையங்கள் 60, 40 மெகாவாட் திறனுடன் உள்ளன. மின்சாரம் விளையும் மண் நாஞ்சில் நாடு. ஆனாலும் கட்டணம் ஏறுமுகமாகவே இருப்பது ஏன்?

முதல் காரணம், நெல்லைப் பத்தாயத்தில் சேர்ப்பதுபோல மின்சாரத்தைச் சேர்த்துவைக்க முடியாததே. காற்று மிகும் பருவம் ஒன்று. தேவை மிகும் கோடை வேறு. காற்று ஓய்ந்த மாலை வேளைகளில் மின்சந்தையில் யூனிட்டுக்கு 10 ரூபாய் வரைகூட விலை ஏறுகிறது. காற்று மிகும் நாள்களிலோ, ஒப்பந்தம் செய்துகொண்ட அனல்மின் நிலையங்களிடம் மின்சாரம் வாங்காவிட்டாலும் நிலைக்கட்டணம் செலுத்தியாக வேண்டும். மேலும், காற்றாலைகளில் பெரும்பாலானவை தனியாருடையவை. அவற்றின் மின்சாரத்தில் கணிசமான பகுதி உரிமையாளர்களின் ஆலைகளுக்கே செல்கிறது.

இரண்டாவது காரணம் கடன். 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை கட்டணம் திருத்தப்படவில்லை. செலவு மட்டும் கூடியது. பற்றாக்குறை கடனால் நிரப்பப்பட்டது. 2017-இல் உதய் திட்டத்தின்கீழ் 22,815 கோடி ரூபாய்க் கடனை மாநில அரசு ஏற்றது. அதன் பிறகும் கடன் 1.5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அதற்கான வட்டி, நாம் செலுத்தும் ஒவ்வொரு யூனிட்டின் விலையிலும் கலந்திருக்கிறது.

இச்சுமை நுகர்வோர்மீது எப்படி இறங்குகிறது? 2022 செப்டம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, இரு மாதங்களில் 500 யூனிட் பயன்படுத்திய வீட்டுக்கு அப்போது 1,725 ரூபாய் ஆனது. 501 யூனிட் என்றால் 1,958 ரூபாய் ஆனது. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாயாக இருந்தது! அதிகம் பயன்படுத்துவோர் அதிகம் செலுத்த வேண்டும் என்பது நியாயமே. ஆனால், கணக்கெடுப்பு சில நாள்கள் தாமதமானாலே ஒரு குடும்பம் எல்லையைத் தாண்டிவிடக்கூடும். வாரியத்தின் தாமதத்துக்கு நுகர்வோர் தண்டம் செலுத்துவது எவ்வகையில் முறை?

கட்டணத்தை உயர்த்துவது எளிது. திறனை உயர்த்துவதே கடினம். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இலவச விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. எனவே விவசாயத்துக்குச் சென்றது எவ்வளவு, வழியில் இழந்தது எவ்வளவு என்பது மதிப்பீடாகவே நிற்கிறது. மீட்டர் பொருத்துவது இலவசத்தைப் பறிப்பதற்காக அல்ல, இழப்பை அறிவதற்காக. மானியம் தொடரலாம், கணக்கு தெளிவாக வேண்டும்.

அதேபோல, 400 மெகாவாட் திறனுள்ள காடம்பாறை நிலையம், தேவை குறைந்த நேரத்து மின்சாரத்தால் நீரை மேலேற்றி, தேவை மிகும்போது அந்நீரைக் கொண்டு மின் உற்பத்தி செய்கிறது. காற்றைப் பத்தாயத்தில் சேர்க்கும் வழி இதுவே. இத்தகைய நிலையங்கள் பெருக வேண்டும்.

2010-இல் வாரியம் பிரிக்கப்பட்டது. 2024-இல் மீண்டும் பிரிக்கப்பட்டது. பெயர்ப்பலகைகள் மாறின, கட்டணச் சீட்டின் சுமை மாறவில்லை. ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்திலும் வாங்கிய மின்சாரம், விற்றது, இழந்தது ஆகியவற்றை ஆண்டுதோறும் மக்கள் முன்வைக்க வேண்டும். அக்கணக்கைப் பார்க்காமல் அடுத்த உயர்வுக்கு ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் அளிக்கக் கூடாது.