உங்களுக்குத் தெரியுமா? கர்ப்பப்பை ஆபரேஷன்: வெளிக்காயமும் உள்காயமும்

கர்ப்பப்பையை எடுக்க மூன்று வழிகள் உண்டு: வயிற்றைத் திறந்து செய்யும் ஓபன் ஆபரேஷன், கீழ்வழியாக, அதாவது பிறப்புறுப்பு வழியாகவே எடுப்பது, சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி. ரோபோ ஆபரேஷனும் மூன்றாவது வகைதான். கருவியைப் பிடிப்பது ரோபோ, இயக்குவது டாக்டர். எந்த வழியானாலும், கருப்பை வாயையும் சேர்த்து எடுத்தால் பிறப்புறுப்பின் மேல்முனையில் உள்ளே ஒரு தையல் போடுவார்கள். அது நன்றாகக் கூடி உறுதிப்பட 6 முதல் 12 வாரம் ஆகும். துளை வழியில் செய்துகொண்டவருக்கும் இதே கணக்குதான். "சின்ன ஆபரேஷன்தானே" என்று பத்தாம் நாளே எல்லா வேலையையும் அவர் தலையில் கட்டும் வீடுகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இது.

வயிற்றுச் சுவரில் கத்தி படாததால் கீழ்வழி ஆபரேஷனில் வலி குறைவு, எழுந்து நடமாடுவதும் சீக்கிரம். ஓபனில் பழைய நிலைக்கு வர 6 முதல் 8 வாரம் ஆகும். மற்ற இரண்டில் பலர் அதற்கு முன்பே தேறிவிடுகிறார்கள். கட்டி மிகப் பெரிதாக இருந்தாலோ, முந்தைய ஆபரேஷன்களால் குடல் ஒட்டிக்கொண்டிருந்தாலோ பெரும்பாலும் ஓபன்தான் பாதுகாப்பு. "எனக்கு ஏன் இந்த வழி?" என்று டாக்டரிடம் கேட்க ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிமை உண்டு.

துளை போட்டால் எப்போதும் நல்லது என்பதும் சரியல்ல. ஆரம்பக் கட்டக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான விரிவான ஆபரேஷனை ஒப்பிட்ட ஆய்வொன்று 2018இல் வெளியானது. ஓபன் செய்துகொண்டவர்களைவிடத் துளை வழியில் செய்துகொண்டவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது, உயிரிழப்பும் கூடுதல். உலகெங்கும் மருத்துவர்கள் இந்த நோய்க்கு மீண்டும் ஓபன் முறையை நாடியது அதன் பிறகுதான்.

லேப்ராஸ்கோப்பி செய்த மறுநாள் தோள்பட்டை வலித்தால் பலர் மாரடைப்போ என்று நடுங்கிப்போகிறார்கள். உள்ளே பார்க்க வசதியாக வயிற்றைக் கரியமில வாயுவால் உப்ப வைப்பார்கள். மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. அங்குள்ள நரம்பும் தோள்பட்டை நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து வருவதால் வலி தோளில் தெரிகிறது. ஓரிரு நாளில் போய்விடும். மெல்ல நடந்தால் இதமாக இருக்கும். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தால் மட்டும் உடனே சொல்லிவிட வேண்டும்.

ஜெர்மனியின் கோட்டிங்கனில் 1813இல் கான்ராட் லாங்கன்பெக் கீழ்வழியாகக் கர்ப்பப்பையை எடுத்தார். மயக்க மருந்தே வராத காலம். உதவிக்கு வந்த மருத்துவரால் கீல்வாதம் காரணமாக நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. ரத்தம் கொட்டிய இடத்தை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டார் லாங்கன்பெக். அந்தப் பெண் பிழைத்தார். சக மருத்துவர்களோ நம்பவில்லை. 26 ஆண்டுகள் கழித்து அந்தப் பெண் முதுமையால் இறந்தபோது, பிரேதப் பரிசோதனைதான் லாங்கன்பெக் சொன்னது உண்மை என்று காட்டியது. அந்த வலியைத் தாங்கிய பெண்ணைப் பற்றி நமக்கு இவ்வளவுதான் மிஞ்சியிருக்கிறது என்பது மனதை உறுத்துகிறது.

உள்தையல் ஆறும்வரை பாரம் தூக்கக் கூடாது. வீட்டு கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. இரும்போடு சேர்த்தால் 30 கிலோவை நெருங்கும். நிறைகுடம், கிரைண்டர் கல், ஊறவைத்த போர்வை எல்லாமே இந்த வாரங்களில் மற்றவர்கள் தூக்க வேண்டியவை. இருமும்போது தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ளலாம். மலச்சிக்கலில் முக்கினாலும் உள்தையலுக்குச் சுமைதான். தண்ணீர், கீரை, பழம் குறையக் கூடாது. "பச்சை உடம்பு" என்று படுத்தே இருப்பதும் ஆபத்து. காலில் ரத்தம் உறையலாம். ஆபரேஷன் முடிந்த அன்றோ மறுநாளோ நடக்கச் சொல்வது அதற்காகத்தான்.

சினைப்பைகளை விட்டுவைத்தால் உடனே மெனோபாஸ் வராது. மாதவிடாய் மட்டும் நிற்கும். இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் ஹார்மோன் ஒரேயடியாக நின்று, சில நாளிலேயே உடம்பு தகிக்கும், தூக்கம் கெடும். இளவயதில் எடுத்தால் எலும்புக்கும் இதயத்துக்கும்கூடப் பாதிப்பு. ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுத் தெளிய வேண்டிய கேள்வி இது. கருப்பை வாயை விட்டுவைத்திருந்தால் பாப் ஸ்மியர் பரிசோதனையும் தொடர வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர், மாதவிடாயால் கூலி போகக் கூடாதென்று இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஓய்வுக்கு வழியில்லாத உடம்பில் செய்த ஆபரேஷன்கள் அவை. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்கள் இலேசாக உதிரம் படுவது இயல்பு. திடீரென ரத்தம் கொட்டினாலோ, நீர் போல ஒழுகிக்கொண்டே இருந்தாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ வந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.