வரைபடம் நிரம்பினால் வியப்பு குறையும்: 'ஓபன் வேர்ல்டு' வீடியோ கேம்களில் சலிப்பு ஏற்படுவது ஏன்?

புதுதில்லி: ஒரு வீடியோ கேமை முழுமையாக விளையாடி முடிக்கக் குறைந்தது 500 மணி நேரம் தேவைப்படும் என்று போலந்து நாட்டைச் சேர்ந்த டெக்லேண்ட் நிறுவனம் 2022 ஜனவரியில் சமூக ஊடகத்தில் அறிவித்தது. வார்சாவிலிருந்து மாட்ரிட் நகருக்கு நடந்தே செல்வதற்கு ஆகும் நேரத்துக்கு இது ஏறக்குறைய சமம் என்றும் பெருமையுடன் குறிப்பிட்டது. அடுத்த மாதம் வெளிவரவிருந்த 'டையிங் லைட் 2' கேமுக்கான விளம்பரம் அது.

ஆனால், வரவேற்புக்கு மாறாக முணுமுணுப்பே எழுந்தது. வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே அவ்வளவு நேரத்துக்கு எங்கே போவது என்று விளையாட்டு ஆர்வலர்கள் பலர் கேட்டனர். முதன்மைக் கதையை முடிக்க ஏறத்தாழ 20 மணி நேரமும், துணைப் பணிகளையும் சேர்த்தால் 80 மணி நேரமும் போதும் என்று நிறுவனம் விளக்கமளிக்க நேர்ந்தது.

நாள்தோறும் 2 மணி நேரம் ஒதுக்கினாலும் 500 மணி நேரத்தை எட்ட 250 நாட்கள், அதாவது எட்டு மாதங்களுக்கும் மேல் ஆகும். வாங்கத் தூண்டிய 'பெரிய உலகம்' என்ற சொல்லே இன்று பலரைத் தயங்க வைக்கிறது. எனினும், சலிப்புக்கு உலகின் பரப்பளவு மட்டுமே காரணம் அல்ல. அந்த உலகம் விளையாடுவோருக்கு எவ்வாறு காட்டப்படுகிறது என்பதே முதன்மையான காரணமாக உள்ளது.

'ஓபன் வேர்ல்டு' என்றால் என்ன?

ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்த கட்டம் என்ற வரிசை இன்றி, விரும்பிய இடத்துக்கு விரும்பிய நேரத்தில் செல்ல இடமளிப்பவை 'ஓபன் வேர்ல்டு' எனப்படும் திறந்த உலக கேம்கள். 1984-இல் பிரிட்டனில் வெளியான 'எலைட்' விண்வெளியில் விரும்பிய கோளுக்குச் செல்லும் உரிமையை அளித்தது. 1986-இல் ஜப்பானில் 'தி லெஜெண்ட் ஆஃப் ஜெல்டா' வெளியானது. கியோட்டோவுக்கு அருகே மலைகளிலும் குகைகளிலும் சுற்றித் திரிந்த சிறுவயது அனுபவமே அதற்குத் தூண்டுதல் என்று அதன் படைப்பாளி ஷிகேரு மியாமோட்டோ கூறியுள்ளார். 2001-இல் வெளியான 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3' ஒரு முழு நகரத்தையே முப்பரிமாணத்தில் திறந்துவைத்தது.

இவை அனைத்தும் அளித்த வாக்குறுதி ஒன்றே: அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்பதை நீங்களே சென்று கண்டறியலாம்.

கோபுரத்தில் தொடங்கிய மாற்றம்

பிரான்ஸின் யுபிசாஃப்ட் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'அசாசின்ஸ் கிரீட்' கேமில், உயரமான கோபுரத்தின் உச்சிக்கு ஏறினால் சுற்றுப்புறத்தின் வரைபடம் திறக்கும். அங்குள்ள பணிகள் குறிகளாகத் தோன்றும். 2012-இல் அதே நிறுவனத்தின் 'ஃபார் கிரை 3' கேமில் வானொலிக் கோபுரங்கள் இதே வேலையைச் செய்தன. பிற நிறுவனங்களும் இம்முறையைப் பின்பற்றின. 2014-இல் வெளியான 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி'யில் பாரிஸ் நகர வரைபடம் தெருக்களே தெரியாத அளவுக்குக் குறிகளால் நிரம்பியிருந்தது.

இவ்விடத்தில்தான் தேடலின் தன்மை மாறுகிறது. புதையல் எங்கே இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அங்கே சென்று அதை எடுத்துவருவது மட்டுமே எஞ்சுகிறது. விளையாடுபவரின் கண்கள் மலையையும் ஆற்றையும் பார்ப்பதில்லை. திரையின் மூலையில் உள்ள சிறு வரைபடத்தையே பார்க்கின்றன. ஊர் சுற்றுவது, பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்துவிடும் வேலையாகிவிடுகிறது.

போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட 'தி விட்சர் 3' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. துணைக் கதைகளுக்காகப் பெரிதும் பாராட்டப்பட்ட அதே கேமில், ஸ்கெலிகே தீவுகளைச் சுற்றியுள்ள கடல் எங்கும் கேள்விக்குறிகள் சிதறிக் கிடக்கும். படகில் சென்று பார்த்தால், பெரும்பாலானவை கடத்தல்காரர்கள் விட்டுச்சென்ற ஒரே மாதிரியான சரக்குகள். கதைக்காகப் பல மணி நேரம் செலவிட்டும் களைப்படையாதவர்கள், இக்கடலில் களைத்துப்போனார்கள்.

நிறுவனங்கள் இவ்வாறு செய்வது ஏன்?

இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, செலவு. நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய ஒரு குகையை விளையாடுபவர் காணாமலேயே கடந்துவிடக்கூடும் என்ற அச்சம் நிறுவனங்களுக்கு உண்டு. ஆகவே அதன் மேல் ஒரு குறியை வைத்துவிடுகின்றனர். இரண்டாவது, பரந்த நிலப்பரப்பைத் தனித்தனிக் கதைகளால் நிரப்புவதைவிட, ஒரே அச்சில் வார்த்த பணிகளால் நிரப்புவது எளிது. மூன்றாவது, கொடுத்த பணத்துக்கு எத்தனை மணி நேரம் விளையாடலாம் என்ற கணக்கு விளம்பரமாகவும் பயன்படுகிறது.

இக்கணக்கு விசித்திரமான இடத்துக்கும் இட்டுச் செல்வதுண்டு. பண்டைய கிரேக்கத்தைக் களமாகக் கொண்டு 2018-இல் வெளியான 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி'யில், அனுபவப் புள்ளிகளை 50 சதவீதம் கூடுதலாகப் பெறும் வசதி தனிக் கட்டணத்துக்கு விற்கப்பட்டது. முழு விலை கொடுத்து வாங்கிய கேமை விரைவாகக் கடக்க மீண்டும் பணம் செலுத்துவதா என்ற விமர்சனம் அப்போது எழுந்தது.

பரிசு ஆர்வத்தைக் குறைக்குமா?

1973-இல் உளவியலாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தரப்படும் என்று முன்கூட்டியே கூறப்பட்டது. சில நாட்களுக்குப் பின்னர், பரிசு எதுவும் இல்லாத சூழலில், அக்குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றக் குழந்தைகளின் நேரத்தில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் இந்தக் குறைவு காணப்படவில்லை.

குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை வீடியோ கேம்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால், அறிவித்துத் தரப்படும் பரிசுக்கும் எதிர்பாராமல் கிடைக்கும் பரிசுக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. வரைபடக் குறி முதல் வகையைச் சேர்ந்தது. வழிதவறிச் சென்றபோது கண்ணில்படும் குகை இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

அதே கோபுரம், வேறு அனுபவம்

2017 மார்ச்சில் நின்டெண்டோ வெளியிட்ட 'ஜெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு' கேமிலும் கோபுரங்கள் உள்ளன. ஆனால், அவற்றில் ஏறினால் மலை, ஆறு, பாதை ஆகியவை மட்டுமே வரைபடத்தில் தெரியும். உச்சியில் நின்று தொலைவில் ஏதேனும் கண்ணில்பட்டால், விளையாடுபவரே அதன் மீது குறி வைத்துக்கொள்ள வேண்டும். குறியை நிறுவனம் வைக்கிறதா, விளையாடுபவர் வைக்கிறாரா என்பதே வேறுபாடு.

அக்கேமில் 900 கொரோக் விதைகளும் மறைத்து வைக்கப்பட்டுள்ளன. பைகளை முழுமையாக விரிவாக்க 441 விதைகளே போதும். தொள்ளாயிரத்தையும் திரட்டியவருக்குப் பயனற்ற வேடிக்கைப் பொருள் ஒன்றுதான் பரிசாகக் கிடைக்கும். எல்லாவற்றையும் திரட்டத் தேவையில்லை என்பதைச் சொல்லாமல் சொல்லும் ஏற்பாடு இது.

ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் 2022-இல் வெளியிட்ட 'எல்டன் ரிங்' இன்னும் ஒரு படி மேலே சென்று, பணிகளின் பட்டியலையே தவிர்த்தது. அதன் விற்பனை 2024 ஜூனில் 2.5 கோடியைக் கடந்ததாக அறிவிக்கப்பட்டது. கை பிடித்து அழைத்துச் செல்லாவிட்டால் மக்கள் விலகிவிடுவார்கள் என்ற அச்சம் மிகையானது என்பதை இது உணர்த்துகிறது.

வழிகாட்டும் முறையை மட்டும் மாற்றினால் போதாது. 2020-இல் வெளியான 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வில் காற்று வழிகாட்டுகிறது. நரி ஒன்று வழிபாட்டிடத்துக்கு அழைத்துச் செல்கிறது. முதல் நரி வியப்பளிக்கும். ஆனால், இருபதாவது நரி மற்றொரு வேலைதான்.

கைப்பேசியில் வேறு வகைக் களைப்பு

இந்தியாவில் பெரும்பாலானோர் கைப்பேசியிலேயே விளையாடுகின்றனர். 2020-இல் வெளியான 'கென்ஷின் இம்பாக்ட்' போன்ற இலவச கேம்கள் திறந்த உலகத்தைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்தன. அதில் நாள்தோறும் நான்கு பணிகள் தரப்படுகின்றன. சில பரிசுகளைப் பெறத் தேவையான ஆற்றல் 8 நிமிடங்களுக்கு ஓர் அலகு வீதம் ஊறுகிறது. உச்ச அளவை எட்டியபின் ஊறுவது நின்றுவிடும். இதனால், ஒரு நாள் விளையாடாவிட்டாலும் எதையோ இழந்துவிட்டதாகத் தோன்றும். இங்கே களைப்பு உலகின் அளவால் வருவதன்று, நாட்காட்டியால் வருவது.

விளையாடுவோர் என்ன செய்யலாம்?

பல கேம்களில் சிறு வரைபடத்தையும் குறிகளையும் அமைப்புகள் பகுதியில் அணைத்து வைக்கலாம். 'ஒடிசி'யிலேயே குறிகளுக்குப் பதிலாக இடத்தின் அடையாளங்களை மட்டும் தெரிவிக்கும் தேடல் முறை உண்டு. துணைப் பணிகள் அனைத்தையும் முடித்த பிறகே கதையைத் தொடர வேண்டும் என்ற கட்டாயமும் பெரும்பாலான கேம்களில் இல்லை.

நிறுவனங்களிடமும் மாற்றம் தென்படுகிறது. 2023 அக்டோபரில் யுபிசாஃப்ட் வெளியிட்ட 'அசாசின்ஸ் கிரீட் மிராஜ்', முந்தைய கேம்களைவிடச் சிறியது என்று வெளிப்படையாகக் கூறியே விற்பனைக்கு வந்தது.

எதையும் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத நேரமே ஓய்வு நேரம். அந்த நேரத்திலும் ஒரு கேம் வேலைப் பட்டியலை நீட்டுமானால், அதைப் பாதியில் மூடிவைப்பது தோல்வி ஆகாது.