முள் ஏன் ஏறுகிறது?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். புது வண்டிக்கே மூச்சு வாங்கும். பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடிய சுமோ, குவாலிஸ், பொலேரோ மாதிரியான ஒரு குடும்ப வண்டி, தாத்தா பாட்டி, சித்தி பிள்ளைகள், கேரியரில் மூட்டைகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஏறினால்? பாதி மலையில் டேஷ்போர்டைப் பாருங்கள். நடுவில் நிற்க வேண்டிய வெப்ப முள் மெல்லச் சிவப்புக் கோட்டுப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும்.

அப்போது வண்டிக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் மெக்கானிக் ஆகிவிடுவார்கள். “ரேடியேட்டர் போச்சு” என்பார் ஒருவர். “வாட்டர் பம்ப்பை மாத்தணும்” என்பார் இன்னொருவர். “இதை வித்துட்டு வேற வாங்கலாம்னு அப்பவே சொன்னேன்” என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும். இவர்கள் சொல்வதில் ஏதாவது ஒன்று சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் எல்லாமே ஊகம். ஊகத்தை நம்பிப் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றினால் பணம் போகும், அடுத்த மலையில் முள் மறுபடியும் ஏறும். நல்ல மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கேள்வி கேட்பார். அவர் என்ன கேட்பார், ஏன் கேட்பார் என்று பார்ப்போம்.

முதலில், இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? இந்த வகைப் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை டீசல் எஞ்சின் கொண்டவை. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-இல் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினின் வாரிசுகள். இதில் பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றை, அது அடைத்திருந்த இடத்தில் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்ற அளவுக்கு பிஸ்டன் நெருக்கிவிடும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சுடுகிறதே, அதே காரணத்தால் இந்தக் காற்றும் சூடாகி 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும்.

அப்படி எரியும் டீசலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குப் போகிறது. மீதியில் பாதி சைலன்சர் வழியே புகையோடு வெளியேறும். இன்னொரு பாதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர்தான் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கிவைக்க வேண்டும். மலை ஏறும்போது எஞ்சின் முழு பலத்தோடு உழைக்கிறது. வண்டியோ முதல் கியரில் ஊர்கிறது. அதாவது சூடு அதிகம், எதிர்க்காற்று குறைவு. சமவெளியில் மறைந்திருக்கும் கோளாறு மலையில் வெளியே வருவது இதனால்தான்.

இப்போது மெக்கானிக்கின் முதல் கேள்வி: “எப்போ ஏறுது?”

சந்தை நெரிசலில் நிற்கும்போது முள் ஏறி, புறவழிச்சாலையில் வேகம் பிடித்ததும் இறங்கிவிடுகிறதா? அப்படியானால் நீரோட்டம் சரியாகத்தான் இருக்கிறது. வேகத்தில் காற்று தானாக வந்து மோதுகிறது. நிற்கும்போது காற்றை இழுக்க வேண்டியது ஃபேன். சந்தேகம் ஃபேன் மீது, அதன் பெல்ட் மீது. மாறாக, நிற்கும்போது நடுவிலேயே இருக்கும் முள் வேகத்திலும் ஏற்றத்திலும் மட்டும் ஏறுகிறதா? காற்று போதும், நீர்தான் போதவில்லை. ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதிதான் திறந்திருக்கலாம். ஒரே கேள்வியில் சந்தேகப் பட்டியல் பாதியாகிவிட்டது பாருங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

தெர்மோஸ்டாட் என்றேன் அல்லவா? எனக்கு மிகவும் பிடித்த பாகம் அது. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள சிறு கதவு. உள்ளே ஒரு மெழுகுக் குப்பி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மெழுகு உறைந்திருக்கும், கதவு மூடியிருக்கும். ஏறத்தாழ 82 டிகிரி வந்ததும் மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். சந்தேகம் வந்தால் அதைக் கழற்றி, வெப்பமானியோடு ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கிப் பார்ப்பார்கள். எத்தனை டிகிரியில் திறக்க வேண்டும் என்பது அதன் மேலேயே பொறித்திருக்கும். ஒர்க்‌ஷாப்பில் பழைய தெர்மோஸ்டாட் கிடைத்தால் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து நீங்களும் செய்து பார்க்கலாம். மெழுகு நகர்த்தும் கதவைக் கண்ணால் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

“நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?” என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. எஞ்சின் ஜில்லென்று இருந்தால் நல்லது என்பது தப்புக் கணக்கு. 80 முதல் 95 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் டீசல் நன்றாக எரியும், ஆயில் சரியான பதத்தில் ஓடும். கதவே இல்லாத எஞ்சின் சூடேறத் தாமதமாகும், டீசலைக் கூடுதலாகக் குடிக்கும், சீக்கிரம் தேயும்.

சரி, தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடுமே. சுமை ஏறும்போது என்ன ஆகும்? அதற்குத்தான் ரேடியேட்டர் மூடி. அது சாதாரண மூடி இல்லை, உள்ளே ஸ்பிரிங் வைத்த வால்வு. உள்ளழுத்தத்தை வெளிக்காற்றைவிட ஏறக்குறைய ஒரு மடங்கு கூடுதலாக வைத்திருக்கும். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். உள்ளே இருக்கும் நீர் 120 டிகிரி வரை கொதிக்காது. வீட்டுக் குக்கரும் இந்த விதியில்தான் வேலை செய்கிறது. ஸ்பிரிங் தளர்ந்த பழைய மூடியால் அந்த அழுத்தத்தைப் பிடித்துவைக்க முடியாது. நீர் முன்னதாகவே கொதிக்கும். உயரமும் சேர்ந்துகொள்ளும்: ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெரிய செலவு என்று பயந்து வந்தவர்கள் ஒரு மூடியை மாற்றிவிட்டு நிம்மதியாகத் திரும்பியதும் உண்டு.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. எஞ்சின் சூடாக இருக்கும்போது அந்த மூடியை யாரும் திறக்கக் கூடாது. அப்பா திறக்கப் போனாலும் தடுங்கள். மூடி திறந்த நொடியில் அழுத்தம் விழும். 110 டிகிரியில் அமைதியாக இருந்த நீரில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகும். நீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் விரியும். அது முகத்தில்தான் அடிக்கும். முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுவதுமாகத் திறந்து, ஓரமாக நிறுத்திப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். ஹீட்டரா என்று திகைக்காதீர்கள். அது எஞ்சினின் சூட்டை வண்டிக்குள் கொண்டுவந்து கொட்டும் இன்னொரு குட்டி ரேடியேட்டர். நமக்கு வியர்க்கும், எஞ்சின் பிழைக்கும்.

ரேடியேட்டரில் என்ன ஊற்றுவது என்பதும் முக்கியம். போர்வெல் தண்ணீர் காயும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அந்தச் சுண்ணாம்பு உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். அது உலோகத்தைப்போல வெப்பத்தைக் கடத்தாது. வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீர் குடித்த வண்டி மலையில் திணறுவதில் ஆச்சரியமில்லை. கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் கலந்துதான் ஊற்ற வேண்டும். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையை இன்னும் கொஞ்சம் உயர்த்தும். உடன் இருக்கும் மருந்துகள் துருவைத் தடுக்கும். ஆனால் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். தரையில் சிந்தினால் நாய்க்குட்டி நக்குவதற்குள் கழுவிவிடுங்கள்.

கூலண்ட் குறைந்துகொண்டே இருக்கிறது, கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை என்றால்தான் மெக்கானிக்கின் முகம் மாறும். எஞ்சின் ஆயிலைப் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பார். ஆயில் வெளுத்து நுரைத்திருந்தாலோ, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, எஞ்சினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் பழுதாகி நீர் உள்ளே கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். பெரிய வேலை. (புகையின் நிறமும் ஒரு சாட்சிதான். கறுப்பு என்றால் காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிகிறது, முதலில் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். நீலம் என்றால் எஞ்சின் ஆயிலே எரிகிறது.)

இதே துப்பறியும் முறையை, காலையில் வண்டி கிளம்பாதபோதும் பயன்படுத்தலாம். “செல்ஃப் எடுக்கல” என்றதும் புது பேட்டரிக்கு ஓட வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் பத்திரமாக நின்று விளக்கைக் கவனியுங்கள். விளக்கு மங்கிப்போய் ‘டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் வந்தால் மின்சாரம் போதவில்லை. விளக்கு கொஞ்சமும் மங்காமல், எஞ்சினும் சுற்றாமல் இருந்தால், பேட்டரி மீது பழிபோட முடியாது. கோளாறு ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம், அல்லது அதற்குப் போகும் ஒயரில்.

மின்சாரம் போதவில்லை என்றாலும் பேட்டரி நல்ல நிலையிலேயே இருக்கலாம். அதன் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுப்பது 200 ஆம்பியர், சில சமயம் அதற்கும் மேல். அந்தப் பூப்பின் மின்தடை 0.01 ஓம்தான் என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி 200-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 2 வோல்ட். முழுதாக ஏறிய பேட்டரியில் இருப்பதே 12.6 வோல்ட்தான், அதில் 2 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது! பெரியவர் ஒருவர் கையுறை போட்டு, முனைகளைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த நீரால் தேய்த்துக் கழுவினால் போதும். நுரை பொங்கும். சோடா அமிலத்தைச் சமன்செய்யும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு அது.

மலை ஏறியவர்கள் இறங்கவும் வேண்டுமே. ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது விடும் ஆற்றலைக் கணக்கிட்டால், 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். பிரேக்கை மட்டும் நம்பினால் அவ்வளவு சூடும் பிரேக்கில்தான் இறங்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று ஓட்டுநர்கள் சொல்வது அதைத் தவிர்க்கத்தான். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உருவாகும். திரவத்தை நெருக்க முடியாது, குமிழை நெருக்கலாம். கால் அழுத்தும், பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

இன்றைக்கே நீங்கள் செய்யக்கூடிய ஒரு சோதனை. டயரின் பக்கவாட்டில் ‘டாட்’ என்று ஆங்கிலத்தில் தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்யப்பட்டது. வெளிப்பக்கம் அந்த எண்களைக் காணவில்லை என்றால் உட்பக்கம் இருக்கும், குனிந்து பாருங்கள். ஓடாமல் சும்மா இருந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை மெல்ல இறுகவைத்து வெடிப்பு விழச் செய்யும். அதனால் ஸ்டெப்னியின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற டயர்களை எத்தனையோ முறை மாற்றியிருப்பார்கள். இது மட்டும் வண்டி வாங்கிய நாளிலிருந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கலாம்.