தொடை துள்ளும் நொடி

முதுகில் மரப்பு ஊசி போட்டாயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. விரலை அசைக்கச் சொன்னாலும் முடியாது. சிறுநீர்ப் பாதை வழியே நுழைந்த கருவி, சிறுநீர்ப்பையின் பக்கச் சுவரில் முளைத்த புற்றுக்கட்டியை மின்கம்பி வளையத்தால் சீவிக்கொண்டிருக்கிறது. சட்டென்று நோயாளியின் தொடை துள்ளி உள்பக்கம் இழுக்கிறது.

அந்தச் சுவருக்கு வெளியே ஒட்டினாற்போல், தொடையை உள்பக்கம் இழுக்கும் தசைகளை இயக்கும் ஆப்டுரேட்டர் நரம்பு ஓடுகிறது. மரப்பு ஊசி அதன் வேரைத்தான் தூங்கவைக்கிறது. வழியில் மின்சாரம் நேராகத் தொட்டால் நரம்பு விழித்துக்கொள்ளும். நீர் நிரம்பி விரிந்த சிறுநீர்ப்பையின் சுவரோ சில மில்லிமீட்டர் கனம்தான். துள்ளிய வேகத்தில் வளையம் அதைத் துளைத்துவிடலாம்.

“கத்தி பட்டால் பரவிடும்” என்று புற்றுநோயைப் பற்றி நம் வீடுகளில் சொல்வார்கள். பெரும்பாலும் அது வீண் பயம். அந்தப் பயத்திலேயே சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்கள் நிறைய. ஆனால் இந்த ஓர் இடத்தில் அதற்குள் ஒரு துளி உண்மை இருக்கிறது. கட்டியைத் துண்டு துண்டாகச் சீவும்போது உயிருள்ள செல்கள் உதிர்ந்து, உள்ளே பாயும் நீரில் மிதக்கின்றன. அநேகம் நீரோடு வெளியேறிவிடும். சில, சிறுநீர்ப்பையின் உள்ளேயே புண்பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கட்டி திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சுவரில் ஓட்டை விழுந்தாலோ அதே நீர் வெளியிலுள்ள கொழுப்புக்கோ, வயிற்றறைக்கோ கசிகிறது. பின்னாளில் அங்கே கட்டி முளைத்த சிலரைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு.

சிலர்தான் என்பதே வியப்பு. துருக்கி மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இதே அறுவை முடிந்த 36 பேருக்குச் சிறுநீர்ப்பையில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். 21 பேருக்குக் கசிவு! வெளியே தெரியாத சின்னக் கசிவுகள் இத்தனை சாதாரணமென்றால், பரவல் ஏன் இவ்வளவு அரிது? விதை எங்கும் சிந்தும், மண் ஒத்துக்கொண்டால்தான் முளைக்கும் என்று லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889-இல் எழுதினார். இன்றும் அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மிதக்கும் செல்களைக் கொல்ல, அறுவை முடிந்த 24 மணி நேரத்துக்குள் மைட்டோமைசின் போன்ற மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் ஒருமுறை விடுவார்கள். ஆழமாக இறங்காத கட்டிகளில், ஐந்தாண்டுகளில் மீண்டும் வரும் விகிதம் இதனால் நூற்றுக்கு 59-லிருந்து 45 ஆகக் குறைந்தது. கொடுமை என்னவென்றால், ஓட்டை விழுந்தால் மருந்தை விடக்கூடாது. அது வெளியே கசிந்து திசுக்களைப் புண்ணாக்கும். மிகவும் தேவைப்படும் நாளில் கைக்கெட்டாத மருந்து!

அதனால் துள்ளலையே தடுக்கப் பார்க்கிறார்கள். பக்கச் சுவர்க் கட்டி என்றால் ஆப்டுரேட்டர் நரம்புக்குத் தனி ஊசி, அல்லது தசைகளைத் தளர்த்தும் முழு மயக்கம். சிறுநீர்ப்பையை முட்ட நிரப்புவதில்லை. முடிந்த இடங்களில் கட்டியைச் சீவாமல் முழுசாகப் பெயர்த்தெடுக்கிறார்கள்.

ஓட்டை விழுந்துவிட்டால் பெரும்பாலும் சில நாள் குழாய் போட்டு வைத்தாலே ஆறிவிடும். வயிற்றறைக்குள் திறந்துகொண்டால்தான் தைக்கவேண்டி வரலாம். அப்புறம் மாதக்கணக்கு இடைவெளியில் கருவி விட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கருவிக்குத் தெரிவது சுவரின் உள்பக்கம் மட்டும். வெளியே ஏதேனும் முளைத்திருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன்தான் வேண்டும்.