ஏரியில்லாக் கடைமடை

காவிரியின் கடைமடையான நெரவிப் பக்கத்து விவசாயிகள் வீராணம் ஏரியை ஒருமுறை பார்த்துவர வேண்டும். கடலூர் மாவட்டத்தில், 10-ஆம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்தில் அமைந்தது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. காட்டுமன்னார்கோயில் வட்டார நெல்வயல்கள் இதை நம்பியுள்ளன. 2004 முதல் சென்னையும் இதைக் குடிக்கிறது.

ஆற்றில் வரத்துக் குறைந்தாலும் அங்கே கையிருப்பு உண்டு. நமக்கோ முறைத் தண்ணீர் தவறினால் நாற்று வாடும். நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி.யைத் தேக்க இங்கே பெரிய ஏரி ஏது? ஐப்பசி, கார்த்திகை மழையும் பெரும்பாலும் கடலுக்கே போகிறது. மிஞ்சுவது ஊர்க் குளங்கள்தாம். மேட்டூர் திறக்குமுன், வைகாசிக்குள், குளத்தோடு வரத்து வாய்க்காலையும் தூர் வாருங்கள். வண்டலை வயலில் இடுமுன் உப்பு உண்டா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள், கடலோரமல்லவா!